நெஞ்சுடை குன்று

வாழைச்சேனையிலிருந்து வாகரை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டு போவார்க்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என மரத்தின் பெயரும் நீர்நிலையின் பெயரும் கைகோத்து வருகின்றன. மலையின் பெயர் பூண்ட ஊர் ஒன்றேனும் எதிர்ப்படாது. ஒருபால் கடல், ஒருபால் காடும் களப்பும். குடும்பிமலையைக் காண விரும்பினால் தென்மேற்கே நெடுந்தூரம் போதல் வேண்டும். நாம் நெய்தலிற் பிறந்து, குறிஞ்சியைப் புத்தகத்திற் படித்தவர்கள்.

இத் தட்டை நிலத்தில், இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்ததும் நம் பாடசாலைப் பிள்ளைகள் மரதன் ஓடுகின்றார்கள். வீட்டு வாயில்களில் தாய்மார் செம்பிலே தண்ணீரும் கையிலே தேசிக்காய்ப் பாதியுமாக நிற்பர். முன்னே ஓடும் பிள்ளைக்குப் பின்னால் ஊர் இளைஞர் மோட்டார்ச் சைக்கிளில் ஆரவாரித்துச் செல்வர். ஏழாவதாக வரும் பிள்ளைக்குப் பின்னால் யாரும் செல்வதில்லை. அவ்வாறு ஏழாவதாக வந்த மாணவன் ஒருவன், களைப்பு ஆறியபின் என்னிடம் வந்து, "ஐயா, இந்தச் சமதரையிலேயே இவ்வளவு பாடென்றால், மலையுள்ள பட்டினங்களில் மரதன் ஓடுகிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டான். மலையை அறியாத பிள்ளை. கேட்கப்பட்டவனும் ஏறக்குறைய அத்தகையவனே. ஆயினும் ஆசிரியனாக இருப்பவன் தெரியாது என்று கூறிவிட்டுச் சும்மா இருத்தல் ஆகாது. தேடிப் படித்தேன். படித்ததை அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்டு மகிழ்ந்தமையால் இங்கும் சொல்லத் துணிகின்றேன்.

மேடு பள்ளம் உடைய நகரோட்டங்களுள் பழமையும் புகழும் வாய்ந்தது அமெரிக்காவிலுள்ள பொஸ்டன் மரதன். 1896ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் நடந்த ஒலிம்பிக் ஓட்டத்தைக் கண்டு கிளர்ச்சியுற்ற பொஸ்டன் நகரத்தார், அடுத்த ஆண்டிலேயே இதனைத் தொடங்கினர். ஹொப்கின்ரன் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, பொஸ்டன் நகரின் நடுவே போயில்ஸ்டன் தெருவில் முடியும் இவ்வோட்டத்தின் இன்றைய நீளம் 42.195 கிலோமீற்றர். புறப்படும் இடம், முடியும் இடத்தைவிட ஏறக்குறைய 140 மீற்றர் உயரமானது. மொத்தத்தில் இறக்கந்தானே, இதில் என்ன துன்பம் என்று கேட்கத் தோன்றும். துன்பம் அந்த இறக்கத்திலேயே ஒளிந்திருக்கின்றது. அதனைப் பின்னர் காண்போம்.

26ஆம் கிலோமீற்றர் அளவில் நியூற்றன் என்னும் பகுதியில் ஏற்றங்கள் தொடங்குகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு. நான்காவது ஏற்றம் 32ஆம் கிலோமீற்றரைத் தாண்டியதும் வருகின்றது. அதன் உயரம் எவ்வளவு என்று எண்ணுகிறீர்கள்? 27 மீற்றர். நெடிய தென்னை ஒன்றின் தலையில் ஒரு சிறு குடிலை வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. இதற்குத்தான் ஆங்கிலத்தில் 'ஹாட்பிரேக் ஹில்' என்று பெயரிட்டு உலகமெங்கும் அஞ்சுகின்றார்கள்.

இப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அந்த மாணவன் கேட்டான். 'நெஞ்சுடை குன்று' என்றேன். வினைத்தொகையாகக் கொள்வார்க்கு, நெஞ்சை உடைத்த, உடைக்கின்ற, உடைக்கும் குன்று என முக்காலமும் அதில் அடங்கும். 'உடை' என்பதை உடைமைப் பொருளிற் கொள்வார்க்கு, நெஞ்சம் உடைய குன்று என்றும் பொருள்படும். பண்டிதருக்கு இதுவே ஒரு விளையாட்டு என்று சிரிப்பவர் சிரிக்கலாம். மேலே சொல்லப்போகும் கதைகளைப் படித்தபின் இரண்டு பொருளும் வேண்டியனவே என்பது எனக்கு உறுதியாயிற்று.

பெயர் வந்த கதை 1936ஆம் ஆண்டுக்கு உரியது. அவ்வாண்டு முன்னணியில் ஓடியவர் எலிசன் பிரவுண். நறகன்செற் என்னும் அமெரிக்க ஆதிக்குடியைச் சேர்ந்த வறிய இளைஞர். அவரைப் பின்தொடர்ந்தவர், முந்திய ஆண்டின் வெற்றி வீரராகிய ஜோன் கெலி. நியூற்றன் ஏற்றங்களில் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கடைசி ஏற்றத்தில் கெலி பிரவுணை எட்டிப் பிடித்தார். பிடித்தவர் சும்மா கடந்து போயிருக்கலாம். போகிற போக்கில் ஆறுதல் சொல்வதுபோல் அவர் தோளிலே தட்டினார்.

அந்தத் தட்டு என்ன செய்தது? பிரவுண் விழித்துக்கொண்டார். முன்னோர் நிலத்தை இழந்த குடியிற் பிறந்தவனின் தோளில், வென்றுவிட்டதாக எண்ணிய ஒருவன் தட்டும் ஆறுதலை அவர் எப்படி ஏற்றிருப்பார் என்பதை யான் எழுதிக் காட்ட வேண்டுவதில்லை. அவர் பாய்ந்து சென்று அவ்வோட்டத்தை வென்றார். கெலி ஐந்தாம் இடத்துக்குத் தளர்ந்தார். பொஸ்டன் பத்திரிகையாளர் ஜெரி நேசன், கெலியின் நெஞ்சு அக் குன்றில் உடைந்ததென எழுதினார். பெயர் நிலைத்துவிட்டது. பிரவுண் 1939இலும் வென்றார். ஆனால் குன்றின் பெயரில் இருப்பது தோற்றவரின் நெஞ்சு. புலவர்களும் பெரும்பாலும் தோற்றவர் பக்கமே நின்றிருக்கின்றார்கள்.

27 மீற்றர் உயரம் இவ்வளவு செய்வது எவ்வாறு? காரணம் அது நிற்கும் இடம். முதல் 26 கிலோமீற்றரும் பெரும்பாலும் இறக்கம். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்துவது தொடையின் முன்புறத் தசை. ஏறுகையில் அது சுருங்கி வேலை செய்யும். இறங்குகையிலோ நீண்டுகொண்டே வேலை செய்ய நேரும். அவ்வாறு நீளும் தசையில் நுண்ணிய இழைகள் சிதைகின்றன. ஓடுகின்றவனுக்கு அந்நேரம் அது தெரியாது. காற்று முதுகைத் தள்ளுவதுபோல் இருக்கும்; தான் என்றுமில்லாத வலிமை பெற்றுவிட்டதாக எண்ணுவான். இதனோடு, தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த கிளைக்கோசன் என்னும் மாப்பொருளும் முப்பதாவது கிலோமீற்றர் அளவில் பலர்க்குத் தீர்ந்துவிடும். இரண்டு கடன்களும் ஒரே இடத்தில் கேட்கப்படுகின்றன. கேட்கும் இடத்தில் ஒரு மேடும் நிற்கின்றது.

ஏதென்சு ஓட்டத்திலும் இதுவே நடந்தது. மரதன் ஊரிலிருந்து ஏதென்சுக்கு வரும் தெரு, நடுவழியில் நெடுந்தொலைவு மேல்நோக்கி ஏறுவது. 1896இல் பிரெஞ்சு நாட்டு லெர்மூசியோ தொடக்கத்தில் எல்லோரையும் பின்தள்ளி விரைந்தார். ஏற்றம் கடந்து 32ஆம் கிலோமீற்றர் அளவில் ஓட்டத்தை விட்டார். அவுஸ்திரேலியராகிய பிளாக், 800 மீற்றரிலும் 1500 மீற்றரிலும் அவ்வாண்டே வென்றவர். முடிவுக்குச் சில கிலோமீற்றர் இருக்கையில் விழுந்தார். முதலில் அரங்கத்துள் வந்தவர் ஸ்பிரிடோன் லூயி. அவர் தொழில் தண்ணீர் சுமத்தல். கேணியின் பெயர் கொண்ட ஊரவர்க்கு இச் செய்தி இனிக்கும் அல்லவா?

முதலில் விரைந்தவன் பின்னர் விழுவான் என்று இதிலிருந்து சூத்திரம் செய்ய என் மாணவன் முற்பட்டான். அவனை நிறுத்தவேண்டியதாயிற்று, விதிக்கு விலக்கு உண்டு. 2018ஆம் ஆண்டு பொஸ்டனில் குளிர்மழையும் எதிர்க்காற்றும் ஓட்டக்காரரை வாட்டின. புகழ்பெற்ற பலர் இடையிலே விலகினர். ஜப்பானியராகிய யூக்கி கவாவுச்சி தொடக்கத்து இறக்கத்தில் வெறிகொண்டவர்போல் ஓடினார், பின்னர் பிற்பட்டார், கடைசியில் முன்னவரைப் பிடித்து 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் வென்றார். அவர் அப்போது ஒரு பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞர். நம் பாடசாலைக் காரியாலயங்களில் கோப்புகளுக்கிடையே இருப்போரை இனிச் சற்று மரியாதையோடு பார்த்தல் நன்று.

வெயிலின் கதை வேறு. 1982இல் அல்பேட்டோ சலசாரும் டிக் பியர்ட்ஸ்லியும் கடும் வெயிலில் தோளோடு தோளாக ஓடினர். நெஞ்சுடை குன்றைக் கடந்தபின் கால்களின் உணர்வே அற்றுவிட்டதெனப் பியர்ட்ஸ்லி பின்னர் உரைத்தார். இறுதியில் சலசார் வென்றது இரண்டே விநாடியால். ஆனால் அவர் வழியில் நீரைப் போதுமட்டும் அருந்தியிருக்கவில்லை. வெற்றி மாலை சூடிய கையோடு, நாளத்தின் வழியே உடலுக்கு நீர் ஏற்றவேண்டியதாயிற்று. அந்நாளுக்குப் பின் இருவரும் பழைய ஓட்டக்காரராக இருக்கவில்லை என்பர்.

இனி, யான் படித்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. 1967ஆம் ஆண்டு கத்தரின் சுவிற்சர் என்னும் இருபது வயது மாணவி பொஸ்டனில் ஓடினார். அக்காலத்தில் பெண்களுக்கு அங்கு இடமில்லை. முந்திய ஆண்டு பொபி கிப் என்பவர் விண்ணப்பித்தபோது, இவ்வளவு தூரம் ஓடும் உடலமைப்புப் பெண்ணுக்கு இல்லை என்று விடை வந்தது. அவர் புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு சேர்ந்து, இலக்கம் இல்லாமலே 3 மணி 21 நிமிடத்தில் ஓடி முடித்தார். சுவிற்சருக்குப் பயிற்சி அளித்தவர் அவர் படித்த பல்கலைக்கழகத்தின் கடிதம் கொடுப்பவராகிய ஆர்ணி பிறிக்ஸ். பொஸ்டனில் பதினைந்து முறை ஓடிய அந்த மனிதரும் முதலிற் பெண்ணால் முடியாது என்றவர்தாம். ஆனால், பயிற்சியில் முழுத்தூரமும் ஓடிக் காட்டினால் தாமே அழைத்துப்போவதாகச் சொன்னார். ஓடிக் காட்டியதும் சொன்ன சொல்லைக் காத்தார்.

சுவிற்சர் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்து 261 என்னும் இலக்கம் பெற்றிருந்தார். மூன்றாவது கிலோமீற்றர் அளவில், ஓட்டத்தை நடத்துவோருள் ஒருவராகிய ஜொக் செம்பிள் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து, அவரைப் பிடித்து இலக்கத்தைப் பறிக்க முயன்றார். உடன் ஓடிய நண்பர் செம்பிளை இடித்துத் தள்ளினார். புகைப்படக்காரர் அதனைப் படமாக்க, அப்படம் உலகெங்கும் சென்றது. அச்சமும் அவமானமும் நெஞ்சை அடைக்க அப்பெண் தொடர்ந்து ஓடினார். விட்டுவிட்டால், பெண்ணால் முடியாது என்பதற்கு அதுவே சான்றாகும் என்பது அவருக்குத் தெரியும். நெடுநேரம் ஓடியபின், அந்தப் பெயர்போன குன்று எப்போது வரும் என்று பிறிக்ஸிடம் கேட்டாராம். அதனை எப்போதோ கடந்துவிட்டோமே என்று அவர் சொன்னாராம்.

இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். வெற்றி வீரனின் நெஞ்சை உடைத்த குன்று, ஒரு பெண்ணின் காலுக்கு எட்டியதே தெரியவில்லை. அவருக்குரிய ஏற்றம் மூன்றாவது கிலோமீற்றரிலேயே வந்துவிட்டது. அதன் உயரத்தை எந்த நிலப்படத்திலும் எழுதவில்லை. அவர் ஏறத்தாழ 4 மணி 20 நிமிடத்தில் ஓடி முடித்தார். 1972இல் பொஸ்டன் பெண்களை ஏற்றது. 1984இல் ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் வந்தது. 2017இல், எழுபதாம் வயதில், அதே 261 இலக்கம் தாங்கி அவர் மீண்டும் ஓடினார். இம்முறை குன்றைக் கண்டாரோ என்னவோ!

கெலியின் நெஞ்சும் உடைந்தபடியே இருந்துவிடவில்லை. அவர் 1945இல் மீண்டும் வென்றார். ஏழு முறை இரண்டாம் இடம் பெற்றார். பொஸ்டன் ஓட்டத்தில் அறுபத்தொரு முறை புறப்பட்டார்; கடைசியாக ஓடியது 1992இல், 84ஆம் வயதில். தோளில் தட்டிய கையை நினைந்து நாணினாரோ அறியேன். அக் குன்றுக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருந்தார். ஏற்றத்தின் அடிவாரத்தில் அவருக்கு ஒரு சிலை உண்டு. இளைஞர் கெலியும் முதியவர் கெலியும் கைகோத்து ஓடுவதாக அமைத்திருக்கிறார்கள். பெயரின் இரண்டாம் பொருள் எனக்கு விளங்கியது அச்சிலையின் படத்தைப் பார்த்தபோதே.

இவையெல்லாம் தொலைநாட்டுக் கதை என்று விட்டுவிட இயலவில்லை. நமக்குத் தெற்கே இதே கடலோரத்தில், திருக்கோவிலில், 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாடசாலை மரதன் ஓடிய பதினாறு வயது மாணவன் ஒருவன் உயிர் நீத்தான். காரணம் ஆராய்தல் மருத்துவர்க்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. ஆசிரியனாகிய எனக்கு உறக்கம் கெட்டது. நம் பிள்ளைகள் எப்படி ஓடுகின்றார்கள்? பலர் முறையான பயிற்சியின்றி, காலை உணவின்றி, இல்லத்தின் மானத்தைத் தலையிற் சுமந்து, புறப்படும் விசில் ஊதியதும் நூறு மீற்றர் ஓட்டம்போல் பாய்கின்றார்கள். அவர்களைத் தட்டிக்கொடுத்து விரட்டுபவர்களும் நாமே. மேடில்லாத தெருதானே என்ற எண்ணம் நம்மிடம் இருக்கின்றது.

மாணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நமது தெருவிலே அந்தக் குன்று எங்கே இருக்கிறது, ஐயா?" என்றான். எந்த இடத்தில் உனக்குக் கால் தளர்ந்தது என்று திருப்பிக் கேட்டேன். நிழல் மரங்கள் முடிந்து வெளி தொடங்கும் இடத்தில் என்றான். வெயில் ஏறியிருந்ததாம், அங்கே வீடுகள் இல்லை, ஆகவே செம்போடு நிற்கத் தாய்மாரும் இல்லை.

மறுநாள் விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் போய், ஓட்டத்தை ஒரு மணிநேரம் முந்தித் தொடங்கவும், அந்த வெளியில் இரண்டு குடம் தண்ணீரோடு ஆள் நிறுத்தவும் முடியுமா என்று வினவினேன். முதலாவது அதிபரைக் கேட்க வேண்டும் என்றார். இரண்டாவதற்கு, "ஆளுக்கு எங்கே போவது, பண்டிதர்?" என்றார். யானே நிற்கின்றேன் என்று சொல்லி வந்திருக்கின்றேன்.