எண்ணெயும் இரும்புக் கல்லும்

"எந்த எண்ணெய் நல்லது?" என்ற கேள்வி நம் வீடுகளில் ஓயாமல் எழுகிறது. செராசில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்காருங்கள். தேங்காய் எண்ணெய் அமுதம் என்பார் ஒருவர். அடுத்த நாற்காலிக்காரர் அதுவே நஞ்சு என்பார். மூன்றாமவர் தாம் நெய்யைத் தொடுவதே இல்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது வடையை எடுப்பார். அந்த வடை எந்தச் சட்டியில் வெந்தது, எத்தனையாவது முறையாகக் காய்ந்த எண்ணெயில் வெந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் இன்று பேச வந்திருப்பது அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றித்தான். எண்ணெயைத் தனியாகவும் பாத்திரத்தைத் தனியாகவும் வைத்து நல்லது கெட்டது சொல்ல இயலாது. இரண்டும் நெருப்பின்மேல் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதே விஷயம்.

முதலில் பாத்திரங்களைப் பார்ப்போம். நம் அடுப்படியில் ஆசையாய் வாங்கி மூலையில் போட்ட சாமான்கள் எத்தனை! பூண்டு நசுக்கும் கருவி என் வீட்டில் ஒன்று இருக்கிறது. இரண்டு பல் பூண்டை அது நொடியில் நசுக்கிவிடும். ஆனால் அதன் துளைகளைக் கழுவி எடுக்கப் பத்து நிமிடமாகும். நம் இடிகல்லும் மலாய்க்காரர் வீட்டு லெசோங்கும் அந்த வேலையை ஒரே தட்டில் முடித்துவிடுகின்றன. பிளாஸ்டிக் இடியாப்ப அச்சும் அப்படித்தான். மாவு சற்று இறுகிவிட்டால் அதன் கைப்பிடி வளைந்து கொடுக்கும். மிக்சி சட்டினிக்கு அருமையானது. இட்லி மாவை அதில் அரைத்தாலோ, கத்தி சுழலும் வேகத்தில் மாவு சூடேறி, கல் இயந்திரத்தில் அரைத்தது போல் பொங்கி வராது.

ஏமாற்றும் பாத்திரங்களில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எச்சரிக்க வேண்டும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பைச் சொல்கிறேன். கோலாலம்பூர் நகரமே 1857-இல் ஈயம் தோண்ட வந்தவர்களால் பிறந்தது; செராசை அடுத்த சுங்கை பெசி வட்டாரத்திலும் பெரிய ஈயச் சுரங்கம் இருந்தது. அந்த ஈயம் வெள்ளீயம். நம் ரசச் சொம்பும் வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே சொம்பில் தண்ணீரையோ புளிக்கரைசலையோ ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். வெறும் சொம்பை ஏற்றிவிட்டு அரட்டையடித்தால், திரும்பி வரும்போது அடியில் ஓட்டை விழுந்திருக்கும். அதைவிடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு. தமிழில் வெள்ளீயத்தையும் ஈயம் என்கிறோம், காரீயத்தையும் ஈயம் என்கிறோம். காரீயமோ, அது கலந்த உலோகமோ ஆனால், புளி பட்டதும் நஞ்சு ரசத்தில் இறங்கும். பாத்திரத்தின் ஓரத்தை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் காரீயம் பென்சில்போலக் கறுப்புக் கோடு விடும். கலப்படத்தை இந்தச் சோதனை காட்டித் தராது. எனவே நம்பிக்கையான கடையில் அன்றி அதை வாங்காதிருப்பதே நலம்.

இனி, நான் மிகவும் விரும்பும் பாத்திரத்துக்கு வருகிறேன். அது இரும்புத் தோசைக்கல். என் தாயார் பயன்படுத்திய கல் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஒட்டாத பூச்சுப் போட்ட புதுக்கல் ஒன்று வாங்கியதும் பழையதை நாங்களே சாமான் அறையில் தள்ளிவிட்டோம். இரண்டே ஆண்டுகளில் புதுக்கல்லின் பூச்சு கீறலும் திட்டுமாக உரிந்துவிட்டது. இரும்புக் கரண்டியால் சுரண்டிய குற்றம் எங்களுடையதுதான். பழைய கல்லைத் தேடி எடுத்தபோது அது முழுவதும் துருப்பிடித்துக் கிடந்தது. தூக்கி எறியலாமா என்று யோசித்தோம். ஆனால் துருப்பிடித்த கல் இறந்த கல் அன்று.

அதைப் பழக்கும் முறையைக் கேளுங்கள். துருவை மணலோ உரசு காகிதமோ கொண்டு தேய்த்து எடுத்துவிட்டு, வடிகஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊற வைத்துக் கழுவ வேண்டும். ஈரம் போக அடுப்பில் காய வைத்து, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு மிக மெல்லிதாகத் தடவ வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எண்ணெய் நிறைய இருந்தால் நல்லது என்று எண்ணி ஊற்றிவிடுகிறார்கள். அது பிசினாகி ஒட்டிக்கொள்ளும். தடவியதைத் துடைத்தே எடுத்துவிட்டதுபோல் இருக்க வேண்டும். பிறகு லேசாகப் புகை வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி தடவிக் காய்ச்ச வேண்டும். ஐந்தாறு முறை செய்தால் கல் கறுத்து மினுமினுக்கும். அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு முதல் தோசையை வாருங்கள். முதல் தோசை ஒட்டும். மூன்றாவது தோசை ஒட்டாது.

இதில் நடப்பது என்ன? நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றில் நிறைவுறாத கொழுப்பு மிகுதி. அந்தக் கொழுப்பு மூலக்கூறுகள் சூட்டிலே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு வலைபோல இறுகுகின்றன. எண்ணெயாக இருந்தது கண்ணாடி போன்ற மேற்பூச்சாக மாறிவிடுகிறது. எண்ணெய்ப் போத்தலின் கழுத்தில் நாளடைவில் மஞ்சளாய்ப் பிசுபிசுக்கும் அழுக்கு இருக்கிறதே, அதுவும் இதே மாற்றத்தின் ஆரம்பக் கட்டம்தான். தேங்காய் எண்ணெயில் கல்லைப் பழக்கினால் பூச்சு அவ்வளவு உறுதியாக வராது. அதிலுள்ள கொழுப்பில் நூற்றுக்கு 90 பங்கு நிறைவுற்றது; கை கோக்க அதற்குக் கைகள் போதாது.

ஒட்டாத பூச்சைக் குறை கூறுவது என் நோக்கமன்று. 1938-இல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் அது. 1950-களில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதை வாணலியில் ஒட்டவைத்தார். மிதமான தீயில் முட்டை பொரிக்க அதைவிட எளிது இல்லை. ஆனால் 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். அந்தப் புகை கூண்டுக் கிளிகளைக் கொல்லவும் கூடும். வெறும் கல்லை முழுத் தீயில் காயவிட்டு, தண்ணீர் தெளித்துப் பதம் பார்ப்பது நம் பழக்கம். நம் தோசைக்கு அந்தப் பூச்சு ஏற்றதன்று என்பது என் முடிவு. மேலும், கனத்த இரும்பு தன்னுள் சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. குளிர்ந்த மாவை ஊற்றினாலும் அதன் சூடு சட்டென்று இறங்காது. தோசையின் மொறுமொறுப்புக்கு இதுவே காரணம்.

கல்லில் நமக்கு நன்மை செய்த அதே மாற்றம், வடைச் சட்டியில் நமக்குப் பகையாகிறது. ஆழமாக ஊற்றிய எண்ணெய் மீண்டும் மீண்டும் காயும்போது, மூலக்கூறுகள் அங்கேயும் கை கோக்கின்றன. வேறு சில உடைந்து காறல் வாடை வீசுகின்றன. எண்ணெய் கறுக்கிறது, கெட்டியாகிறது, நுரை தள்ளுகிறது. ஆகவே பொரிப்பதற்கு, எளிதில் மாறாத கொழுப்பே ஏற்றது.

செம்பனை எண்ணெய் அத்தகையது. அதில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, மீதியில் பெரும்பங்கு ஒலிக் அமிலம். இந்நாட்டில் அந்த மரத்தின் வரலாறும் நம்மவர் உழைப்போடு பிணைந்தது. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த செம்பனையின் நான்கு கன்றுகள் 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. 1917-இல் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமாரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை முதன்முதலாக வணிகப் பயிராக நட்டார். பெயரைக் கேட்டால் தென்னைமரம் ஒலிக்கிறது, வளர்ந்ததோ செம்பனை! பழத்திலிருந்து பிழிந்த எண்ணெய் கேரட்டில் உள்ள அதே கரோட்டினால் செக்கச் சிவந்திருக்கும். சுத்திகரித்து வெளுத்து வாடை நீக்கும்போது அந்தச் சிவப்பு போய்விடுகிறது. கடையில் மானிய விலையில் கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் அப்படி வெளுத்ததே. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்க சோயா உற்பத்தியாளர்கள் வெப்பமண்டல எண்ணெய்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் செய்தார்கள். அதில் வணிகப் போட்டி இருந்தது உண்மை. அதற்காக, சொன்னவை அனைத்தும் பொய் என்று நாம் முடிவு கட்டக் கூடாது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறும். தேங்காய் எண்ணெய்க்கும் நெய்க்கும் இது பொருந்தும். இயற்கையானது என்பதால் எதுவும் அளவின்றி உண்ணத் தக்கதாகிவிடாது.

செராஸ் தாமான் கன்னாட்டில் புதன்கிழமை இரவுச் சந்தை கூடுவது பலருக்குத் தெரியும். அதுபோன்ற ஒரு சந்தையில் வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மையாரிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன்.

"எண்ணெயை எப்போ மாத்துவீங்க அக்கா?"

"தினம் மாத்துனா கட்டுப்படியாகுமா தம்பி? வடிகட்டி வச்சுக்குவேன். குறைஞ்சா மேல புதுசு ஊத்திக்குவேன்."

அவர் மறைத்துப் பேசவில்லை, கணக்கைச் சொன்னார். இதே கேள்வியைக் கோலாலம்பூர் இரவுச் சந்தை உணவு வியாபாரிகளிடம் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் முறையாகக் கேட்டு, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதாகப் பலர் ஒப்புக்கொண்டனர். அது நல்லதன்று என்று அறிந்தே செய்தவர்களும் அவர்களில் உண்டு. அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை நம் செராசிலேயே இருக்கிறது. அதே ஆய்வாளர்கள் ஐந்து முறை, பத்து முறை சூடாக்கிய எண்ணெயை எலிகளுக்கு மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். புதிய எண்ணெய் உண்ட எலிகளைவிட அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. செம்பனை எண்ணெயும் இதற்கு விலக்கன்று. எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதருக்கு நேரும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயதுவந்தோரிடையே நூற்றுக்கு 31 பேர் அளவில் நீரிழிவு இருந்தது. இருதயத்துக்கு ஏற்கெனவே சுமை ஏறியிருக்கும் சமுதாயம் நாம். கறுத்த எண்ணெயை வேறு அதன்மேல் ஏற்ற வேண்டுமா?

வீட்டில் இதைத் தவிர்ப்பது கடினமன்று. அகன்ற சட்டியில் இரண்டு லிட்டர் எண்ணெய் ஊற்றாதீர்கள். குழிந்த சிறிய குவாலியில் அடியில் மட்டும் ஊற்றி, நான்கு நான்காகச் சுட்டு எடுங்கள். காற்றுப் படும் பரப்பும் குறையும், மீதமாகும் எண்ணெயும் குறையும். அந்த மீதத்தை ஓரிரு நாளில் தாளிக்கவும் வதக்கவும் செலவழித்துவிடலாம். இங்கே என் பிரியமான இரும்பைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இரும்பும் செம்பும் எண்ணெய் கெடுவதை விரைவுபடுத்தும். பொரித்த எண்ணெயை இரும்புச் சட்டியிலோ, செம்பு கலந்த பித்தளைச் சட்டியிலோ இரவு முழுவதும் விட்டு வைக்காதீர்கள். வடிகட்டி, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் இருட்டில் வையுங்கள். பழைய எண்ணெயோடு புதியதைக் கலக்காதீர்கள். பழையது புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். தீர்ந்ததைத் தொட்டிக் குழாயில் ஊற்ற வேண்டாம். பயோடீசல் செய்வதற்காக அதை விலை கொடுத்தே வாங்குகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

நல்லெண்ணெயைப் பொரிக்கச் செலவழிப்பது வீண். சிசமால் முதலிய இயற்கைக் காப்புப் பொருள்கள் அதில் இருப்பதால் அலமாரியில் நெடுநாள் கெடாமல் இருக்கும். தோசைக்கும் புளிக்குழம்புக்கும் ஊறுகாய்க்கும் அதுவே பொருத்தம். தேங்காய் எண்ணெயை அவியல் இறக்கிய பிறகு மேலே ஒரு கரண்டி விட்டால் மணம் முழுவதும் கிடைக்கும். அதற்குமேல் ஊற்றத் தேவையே இல்லை.

நெய்யை வீட்டிலேயே காய்ச்சுங்கள். கடையில் உப்பில்லாத வெண்ணெயாகக் கேட்டு வாங்குங்கள். உப்பு வெண்ணெயில் நெய் கரிக்கும். வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குதான் கொழுப்பு. மற்றது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் பால் கசடும். அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள். முதலில் சடசடவென்று கொதிப்பது எண்ணெயன்று, தண்ணீர். ஓசை அடங்கினால் தண்ணீர் போய்விட்டதென்று பொருள். அப்போது அடியில் கசடு பொன்னிறமாகத் தொடங்கும். அடுத்த ஒரு நிமிடத்தில் கருகிவிடும். ஆகவே ஓசை அடங்கும்போது அடுப்படியை விட்டு நகராதீர்கள், தொலைபேசி மணி அடித்தாலும் சரி. ஒரு பிடி முருங்கை இலையைப் போட்டு, அது பொரிந்ததும் இறக்கி, ஈரமில்லாத பாத்திரத்தில் வடிகட்டுங்கள்.