"ரத்தம் கட்டிப்போச்சு": ஒரு பேச்சு, இரண்டு பொருள்

அச்சுவேலிப் பக்கத்தில் அடிபட்டுத் தோல் நீலம் பாரித்தாலும் "ரத்தம் கட்டிப்போச்சு" என்பார்கள். கால் நாளத்துக்குள் குருதி உறைந்தாலும் அதே பேச்சுத்தான். இரண்டும் ஒன்றல்ல.

அருகே மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே டாக்டர் கிரீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். ஆகவே நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. தோலடியில் கட்டுவது கண்டல். பெரும்பாலும் தானே ஆறிவிடும். குழாய்க்குள் கட்டுவது குருதியுறைவு. டாக்டர்மார் சொல்லும் 'த்ரொம்போசிஸ்' இதுதான்; கிரேக்க மொழியில் 'த்ரொம்போஸ்' என்றால் கட்டி.

காயத்தில் குருதி உறைவது நம்மைக் காக்கும். நாளத்துக்குள் உறைந்த கட்டியோ பிய்ந்துபோய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அந்த அடைப்புக்குப் பெயர் 'எம்போலிசம்'.

உம்றா முடித்து, விமானத்தில் நெடுநேரம் அசையாமல் இருந்து வந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், கண்டல் என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.