நிற்கப்போகும் நேரத்தில் உதறும் பெடல்

அமெரிக்காவில் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பு கொட்டுவார்கள். 1999 முதல் 2002 வரையிலான ஷெவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா பிக்கப்களை அந்த உப்பு பிரேக்கில் பிடித்தது. காய்ந்த சாலைதான், வண்டியும் ஏறக்குறைய நின்றாயிற்று. திடீரென்று பெடல் காலடியில் கடகடவென உதறும், வண்டி நிற்காமல் முன்னால் நகரும். எச்சரிக்கை விளக்குகூட பெரும்பாலும் எரியாது. 2005இல் பிக்கப்களும் எஸ்யூவிகளுமாகச் சுமார் 8 லட்சம் வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது.

முன்சக்கர ஹப்பில் உள்ள வேக சென்சாருக்குள் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. எதிரே பல்வளையம் சுழன்றால் மின்னழுத்தம் எழும். சென்சாரின் அடியில் துரு ஏறினால் அது வளையத்தை விட்டு விலகும், சிக்னல் மெலியும். வேகம் குறைந்தால் சிக்னல் இன்னும் மெலிந்து அறுந்தேபோகும். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று கணித்து, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் காக்கும் பிரேக் அமைப்பு) கம்ப்யூட்டர் பிரேக்கைத் தளர்த்திவிடும்.

முதலில் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உதறல் நின்றால் குற்றம் ஏபிஎஸ்ஸில்தான். ஃபியூஸைக் கழற்றியபடியே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு; தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பின்சக்கர பிரேக்கை அளவோடு பிடிக்கவைப்பதும் இந்த வண்டிகளில் அதே கம்ப்யூட்டர்தான். அது இல்லாவிட்டால் மழையில் வண்டியின் பின்பகுதி சறுக்கும்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரம், காலிப்பர், டிஸ்க் மூன்றையும் கழற்றுங்கள். காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் எடை பிரேக் ஹோஸில் விழக்கூடாது.

சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். ஆனால் துருவேறிய சென்சார் லேசில் வராது. துரு நீக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருந்து, இப்படியும் அப்படியுமாக மெல்ல அசைத்து எடுங்கள். நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். வெளியே வந்ததும் துளையைச் சுத்தமான துணியால் அடையுங்கள். துருத்தூள் பேரிங்குக்குள் போனால் ஹப்பையே மாற்ற வேண்டியதாகிவிடும். பிறகு சென்சார் உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும், பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். துளியளவு துரு மிஞ்சினாலும் சென்சார் சாய்ந்துதான் உட்காரும். துத்தநாகப் பூச்சு அடித்து, அது காய்ந்தபின் மெல்லிய கிரீஸ் தடவிப் பொருத்துங்கள்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சென்சாரின் கம்பிகளோடு இணைத்து, ஹப்பைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று வீதம் சுழற்றுங்கள். 350 மில்லிவோல்ட்டுக்குக் குறையாமல் வர வேண்டும். குறைந்தால் புது சென்சார் போடுங்கள். பேரிங்கில் ஆட்டம் தெரிந்தால் ஹப்போடு மாற்றுங்கள். ஒரு பக்கம் துருப்பிடித்திருந்தால் மறுபக்கமும் துருப்பிடித்திருக்கும், அதையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கடைசியாக, கழற்றியவற்றையெல்லாம் திரும்பப் பொருத்தி ஃபியூஸைப் போட்டு, அதே மைதானத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்திலிருந்து பல தடவை பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.