யாருக்கும் ஒத்து ஊதாத குழல்

ஸ்காட்லாந்தின் மரபிசை பெரும்பாலும் தனியாள் இசையாகவே வளர்ந்தது. மலைநாட்டில் பேக்பைப் ஊதுபவர் ஒருவர் போதும். தாழ்நிலத்து நடனக்கூடத்துக்கு ஒரு பிடில் போதும், மிஞ்சினால் பக்கத்தில் ஒரு செல்லோ. பாட்டென்றால் கணப்படுப்பருகே பக்கவாத்தியம் எதுவுமில்லாமல் ஒரு குரல். ராணுவ பைப் பேண்டுகளும், ஜிம்மி ஷாண்ட் போன்றவர்கள் நடத்திய அக்கார்டியன் நடனக் குழுக்களும் முன்பே இருந்தன என்பது உண்மைதான். ஆனால் குழல், பிடில், கிதார், பாட்டு எல்லாவற்றையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, கேட்பதற்கென்றே வாசிக்கும் ‘ஃபோக் பேண்ட்’ 1960களுக்குப் பிறகு வந்த சங்கதி. அதை வரவிடாமல் மல்லுக்கு நின்றது அந்த நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்ட வாத்தியம்தான்.

மலைநாட்டு பேக்பைப்பின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். அக்குளில் இடுக்கிய பை, அதற்குக் காற்றூட்ட ஓர் ஊதுகுழல், விரல் வைத்து வாசிக்க இரட்டைச் சீவாளி கொண்ட ஒரு குழல், தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று ஸ்ருதிக் குழல்கள். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊத இன்னொருவர் வேண்டும். இங்கே ஒத்தும் வாத்தியத்துக்குள்ளேயே இருக்கிறது. வாசிக்கக் கிடைப்பவை மொத்தம் ஒன்பது சுரங்கள். அவற்றின் வரிசை ஏறத்தாழ ஹரிகாம்போதி. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நடுவில் ஒரு நொடி நிறுத்தவும் முடியாது, பையில் காற்று உள்ளவரை குழல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அப்படியானால் ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிப்பது எப்படி? நடுவே கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு சுரத்தைத் தொட்டு வெட்ட வேண்டும். பேக்பைப் இசையில் பொரிந்து தள்ளும் அந்த அனுசுரங்கள் அழகுக்காக மட்டும் வந்தவையல்ல, பிழைப்புக்காக வந்தவை. பிற்பாடு பிடில்காரர்களும் பாடகர்களும் அவற்றை அழகென்று எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்ருதியிலும் அது பிடிவாதக்காரன். பேக்பைப்பில் ‘ஏ’ என்று எழுதப்படும் ஆதார சுரம் உண்மையில் பியானோவின் பி-ஃபிளாட்டையும் தாண்டி ஒலிக்கிறது. கூட வாசிப்பவர்கள்தான் தந்தியை முறுக்கிக்கொண்டு அதனிடம் வந்து சேர வேண்டும்.

இந்த வாத்தியத்தின் உச்சம் ‘பிப்ரோக்’ எனப்படும் நீண்ட தனி வாசிப்பு. மெதுவான ஒரு மூல மெட்டு முதலில் வரும். பிறகு அதன்மேல் அடுக்கடுக்காகச் சிக்கலாகிக்கொண்டே போகும் மாற்று வடிவங்கள். கடைசியில் மூல மெட்டே திரும்பும். ஸ்கை தீவில் மக்லவுட் குலத்தலைவர்களிடம் தலைமுறை தலைமுறையாகக் குழலூதிய மக்ரிம்மன் குடும்பத்தின் பெயர் இந்த மரபோடு ஒட்டியது. பாடம் வாய்வழிதான். ஒவ்வொரு சுரக்கோவைக்கும் ஓர் அசை உண்டு. நம் சொற்கட்டைப் போல ஆசிரியர் பாடிக் காட்ட, மாணவர் அதைக் குழலில் எடுப்பார். 1746இல் கல்லோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றபின் பிரிட்டிஷ் அரசு பேக்பைப்பைத் தடைசெய்தது என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆயுதங்களும் மலைநாட்டு உடையும்தான் தடைக்கு உள்ளாயின. ஆனால் ஜேம்ஸ் ரீட் என்ற குழலூதி, தான் வாளெடுக்கவில்லை என்று வாதாடியும், பேக்பைப்பும் போர்க்கருவியே என்று நீதிமன்றம் சொல்லி யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். கதை அங்கிருந்து வளர்ந்திருக்கலாம்.

நடன மெட்டுகள் வேறு உலகம். ‘ரீல்’ நான்கு நான்காக ஓடுவது. ‘ஜிக்’ மூன்று மூன்றாகத் துள்ளுவது, திஸ்ர நடை என்று நம் காதுக்கு உடனே பிடிபடும். ஸ்காட்லாந்துக்கே உரியது ‘ஸ்ட்ராத்ஸ்பே’. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் தாங்கிய இந்த வகை ரீலைவிட மெதுவானது. குறில் முன்னே, நெடில் பின்னே என்று வெடுக்கென்று வெட்டும் தாளம் அதன் முத்திரை. பிடிலில் வில்லை ஒரு சுண்டு சுண்டினால்தான் அது வரும். நீல் கௌ (1727–1807) அந்த வில்லடியால் பேர் வாங்கியவர். ஒரு நூற்றாண்டு கழித்து ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் ‘ஸ்ட்ராத்ஸ்பே ராஜா’ என்றே அழைக்கப்பட்டார். பெரும்பாலான ரீல்களும் ஜிக்குகளும் எட்டு ஆவர்த்தம் கொண்ட இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் இருமுறை வர, மொத்தம் 32. இன்றைய குழுக்கள் ஒரு மெட்டை இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு மூச்சுவிடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவும். அந்தத் தாவலில் ஆதார சுரமும் மாறும். கூட்டம் கூச்சலிடுவது அந்த நொடியில்தான்.

பாட்டில் இரண்டு மொழிகள். தாழ்நிலத்தின் ஸ்காட்ஸ் பாடல்களைத் திரட்டிச் செப்பனிட்டவர்களில் முதன்மையானவர் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். உலகமே புத்தாண்டு இரவில் பாடும் ‘ஆல்ட் லாங் சைன்’ அவர் திரட்டில் வந்தது. அதன் மெட்டு மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் வழங்கிய கேலிக் பாடல்களில் தனிச்சுவை கொண்டவை கம்பளி அடிக்கும் பாட்டுகள். புதிதாக நெய்த கம்பளித் துணியை நனைத்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் அதை மேசையில் அறைந்து அறைந்து இறுகவைப்பார்கள். ஒருத்தி அடியெடுக்க மற்றவர்கள் பொருளற்ற அசைகளால் பல்லவி பிடிப்பார்கள். துணி மேசையில் விழும் ஓசைதான் தாளம். நாற்று நடும் குலவைப் பாட்டைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

‘கெல்டிக் இசை’ என்ற பெயர் இதற்கெல்லாம் மேலே பின்னாளில் ஒட்டிய சீட்டு. அது முதலில் மொழிக்குடும்பத்தின் பெயர். வேல்ஸைச் சேர்ந்த எட்வர்ட் லூயிட் 1707இல் வெளியிட்ட நூலில் ஐரிஷ், கேலிக், வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன் மொழிகளின் உறவைக் காட்டினார். திராவிட மொழிகளுக்கு 1856இல் கால்டுவெல் செய்த வேலையைப் போன்றது அது. அந்தக் கால்டுவெல்லும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான். மொழிகள் ஒரு தாய் வயிற்றில் பிறந்திருக்கலாம், இசை அப்படியல்ல. பிரான்சின் பிரெத்தோன் பகுதியில் சீவாளி வைத்து ஊதும் ‘பொம்பார்ட்’, ஸ்காட்லாந்து பிடிலைவிட நம் நாகஸ்வரத்துக்கு நெருங்கிய உறவு. இவற்றை ஒரே குடும்பமாகக் கேட்கவைத்ததில் அலன் ஸ்டிவெல் என்ற பிரெத்தோன் யாழ்க் கலைஞருக்கும், 1971 முதல் லோரியான் நகரில் நடக்கும் விழாவுக்கும் பெரிய பங்குண்டு. கடை அலமாரியில் அந்தச் சீட்டு வசதிதான். காதுக்கு அதனால் அதிக உதவி இல்லை.

குழுக்களுக்கு விதை 1951இல் விழுந்தது. அமெரிக்கரான அலன் லோமாக்ஸும் ஸ்காட்லாந்துக் கவிஞர் ஹேமிஷ் ஹென்டர்ஸனும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகச் சென்றார்கள். அதே ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மரபுகளைப் பதிவுசெய்யத் தனித் துறை பிறந்தது. நாடோடிக் குடும்பத்தில் பிறந்து அபர்டீனில் வாழ்ந்த ஜீனி ராபர்ட்ஸன் என்ற பெண்ணை ஹென்டர்ஸன் 1953இல் கண்டார். ஜீனியின் மனதில் நீண்ட கதைப்பாடல்கள் குவிந்து கிடந்தன.

எப்படிச் சேர்ந்து வாசிப்பது என்ற பாடத்தை அயர்லாந்து நடத்திக் காட்டியது. அங்கே 1962இல் சீஃப்டன்ஸ் குழு, 1972இல் பிளாங்ஸ்டி குழு. ஐரிஷ் பேக்பைப் முழங்கைத் துருத்தியால் காற்று பெறுவது, உட்கார்ந்து வாசிப்பது, சத்தமும் மட்டு. ஆகவே குழுவில் எளிதாக அடங்கியது. கிரேக்கத்து புசூக்கி ஐரிஷ் வாத்தியமாகவே மாறியதும் அப்போதுதான். கிதார்காரர்கள் தந்திகளை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சேர்த்தார்கள். நம் கணக்கில் ஸ-ப-ஸ-ம-ப-ஸ. காந்தாரமே இல்லாததால் மெட்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கிதார் குறுக்கே நிற்காது. ஒத்துபோலக் கீழே இழைந்துகொண்டிருக்கும்.

ஸ்காட்லாந்துக் குழுக்கள் ஒவ்வொன்றும் தத்தம் வழியில் விடை கண்டன. சில்லி விசார்ட் குழு பிடில், அக்கார்டியன் வேகத்தாலும் ஆண்டி எம். ஸ்டீவர்ட்டின் குரலாலும் நின்றது. பெய்ஸ்லியின் டானஹில் வீவர்ஸும், கிளாஸ்கோவின் ஒரு பேட்டையின் பெயர் கொண்ட பேட்டில்ஃபீல்ட் பேண்டும் மலைநாட்டு பேக்பைப்பையே உள்ளே கொண்டுவந்தன. ஒலிபெருக்கி இல்லாமல் இது நடந்திருக்காது: பேக்பைப்பை அடக்க முடியாது என்றால் மற்றவர்களை உயர்த்து. பேட்டில்ஃபீல்ட் பேண்ட் பக்கத்திலேயே மின் கீபோர்டையும் வைத்தது. துருத்தியால் இயங்கும் சன்னக்குரல் ஸ்காட்லாந்துச் சிறுகுழல் 1980களில் மறுபிறவி எடுத்தபின் சண்டை ஓரளவு ஓய்ந்தது.

ஸ்கை தீவில் 1973இல் தொடங்கிய ரன்ரிக் குழு கேலிக் மொழியை ராக் மேடைக்கு ஏற்றியது. 2018இல் ஸ்டெர்லிங் கோட்டையின் அடிவாரத்தில் விடைபெற்றது. ஓபன் ஊர்ப் பள்ளி நண்பர்கள் தொடங்கிய கேப்பர்கெய்லி, பழைய கம்பளிப் பாட்டு ஒன்றைக் கேரன் மாதேஸனின் மெல்லிய குரலில், மின்வாத்தியப் பின்னணியோடு 1992இல் பிரிட்டனின் முதல் 40 பாடல்களுக்குள் கொண்டுசேர்த்தது. அந்தப் பட்டியலில் நுழைந்த முதல் கேலிக் பாட்டு அதுவே. 2011 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் கேலிக் பேசுவோர் 58,000 பேர்கூட இல்லை என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் இதன் எடை தெரியும்.

ஷூகல்நிஃப்டி குழு ரீல்களை நடன கிளப்பின் தாளத்தோடு பிணைத்தது. அதே வழியில் தனியாக வெகுதூரம் போனவர் மார்ட்டின் பென்னெட். குழலும் பிடிலும் கைவந்த அவரால் புற்றுநோய் வந்தபின் வாசிக்க முடியவில்லை. பழைய ஒலிப்பதிவுகளிலிருந்த நாடோடிகளின், தீவுவாசிகளின் தனிக்குரல்களை எடுத்து, கணினியில் தாளம் கோத்து ‘கிரிட்’ என்ற தொகுப்பை 2003இல் வெளியிட்டார். அதில் ஒரு பாட்டில் ஒலிப்பது ஜீனி ராபர்ட்ஸனின் மகள் லிஸி ஹிக்கின்ஸின் குரல். 2005 ஜனவரியில் பென்னெட் இறந்தபோது அவருக்கு வயது 33.