இருட்டுக்கு ஒரு ஸ்விட்ச்

வேலூர் கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி போட்டால் ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வரை சேதி போய்விடும். வாரமெல்லாம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். ஜெயின்ட் வீல், கொலம்பஸ், மரணக்கிணறு, டெல்லி அப்பளம் எல்லாம் தாண்டி, பெரும்பாலும் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை நிற்கும். வாசலில் நாக்கு தொங்கும் பொம்மை, உள்ளிருந்து ஸ்பீக்கரில் ஊளை, கறுப்புத் திரைக்குப் பின்னால் கும்மிருட்டு. பேய் வீடு என்பார்கள், பேய் பங்களா என்றும் சொல்வார்கள். உள்ளே நடக்கும் நேரம் ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். அலறிக்கொண்டு நுழைகிறவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

பார்த்தால் அட்டையும் தகரமும்தான். ஆனால் அது ஒரு இயந்திரம். அதற்குள் போகும் மூலப்பொருள் மனித உடம்பு. வெளியே வருவது ஒரு திடுக்கிடல். அந்த வேலையை அது எப்படிச் செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால், அதன் ஆபத்தும் அங்கேயே அகப்பட்டுவிடும்.

முதல் வேலை கண்ணைக் கட்டுவது. பொருட்காட்சி மைதானத்தின் பளீர் விளக்கிலிருந்து இருட்டுக்குள் போகிறவரின் விழித்திரை இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஐந்து நிமிட நடையில் அதற்கு இடமே இல்லை. ஆக, பேய் வீட்டில் பார்வையாளர் தொடக்கம் முதல் கடைசி வரை பாதிக் குருடர். முகமூடி போட்டு உள்ளேயே நிற்கிற தொழிலாளியின் கண் எப்போதோ பழகிவிட்டது. அவருக்கு நாம் தெரிகிறோம், நமக்கு அவர் தெரிவதில்லை. பேய்க்கு இருப்பதாகச் சொல்லும் சக்தியெல்லாம் இந்த ஏற்றத்தாழ்வில் அடங்கிவிடுகிறது.

அடுத்தது ஓசை. திடீரென்று பக்கத்தில் தகரத்தை அறைந்தால், என்ன ஏது என்று மூளை யோசிப்பதற்கு முன்பே உடம்பு வேலையை முடித்துவிடும். செவியிலிருந்து மூளைத்தண்டு, அங்கிருந்து நேராகக் கழுத்துத் தசை, தோள், இமை. மிகக் குறுகிய பாதை இது. நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் இமை மூடத் தொடங்கிவிடும். இருட்டில் இந்த அனிச்சை இன்னும் வலுவாக இருக்கிறது என்பதை ஆய்வகத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். "எனக்கெல்லாம் பயமே இல்லை" என்று மீசையை முறுக்கிக்கொண்டு போன மாமாவும் துள்ளிக் குதிப்பது இதனால்தான். அவருடைய வீரம் குடியிருக்கும் இடத்துக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் கால் தரையை விட்டு எழும்பிவிடுகிறது.

பெரிய பூங்காக்களில் பொம்மைகளை எழுப்புவது அழுத்தக் காற்று. ஒரு கம்ப்ரஸர், மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு, காற்று தள்ளும் உருளை, ஆள் வருவதைக் கண்டுகொள்ளும் சென்சார். தோலுக்குச் சாயம் தெளிக்கிற ஸ்ப்ரே துப்பாக்கியை ஓட்டுவதும் இதே காற்றுதான். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. ஊர் ஊராகப் போகும் கொட்டகைகளில் அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாகாது. சைக்கிள் கம்பி, கயிறு, எடைக்கல், ஒரு ஆள் போதும். கம்ப்ரஸரைவிட அந்த ஆள் கெட்டிக்காரர் என்பது என் எண்ணம். எந்தப் பிள்ளை ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறது, யார் மேல் கை வைக்கக் கூடாது, எந்த இளைஞன் பயந்தால் திருப்பி அடிப்பான் என்பதெல்லாம் சென்சாருக்குத் தெரியாது.

காசு வாங்கிக்கொண்டு பயமுறுத்தும் தொழில் பழையது. 1798இல் பாரிஸ் நகரில் எத்தியன் கஸ்பார் ராபர்ட் என்பவர் சக்கரம் வைத்த படவிளக்கைத் திரைக்குப் பின்னால் உருட்டி, பேய் நம்மை நோக்கி ஓடிவருவது போலக் காட்டினார். 1862இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் பெப்பர் சாய்த்த கண்ணாடி ஒன்றை மேடையில் நிறுத்தி, மறைவில் வெளிச்சத்தில் நின்ற நடிகரின் பிரதிபலிப்பை ஆவியாக உலவவிட்டார். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1969 ஆகஸ்ட் 9 அன்று திறந்த பேய் மாளிகையில் ஆவிகள் நடனமாடுவதும் அதே கண்ணாடி வித்தையில்தான். எழுபதுகளில் அமெரிக்க ஊர்களில் இளைஞர் சங்கங்கள் நிதி திரட்டப் பாழடைந்த வீடுகளில் பேய் வேஷம் கட்டத் தொடங்கின. பிறகு கேளிக்கைப் பூங்காக்கள் உள்ளே வந்தன. இன்று அமெரிக்காவில் டிக்கெட் போட்டு நடத்தும் பேய் வீடுகள் ஆயிரத்துக்கும் மேல். அக்டோபர் மாதத்து வசூலில் ஆண்டு முழுக்க ஓடும் தொழில் அது.

ஏன் காசு கொடுத்துப் பயப்படுகிறோம்? டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வைலே ஊரிலுள்ள ஒரு பேய் வீட்டுக்குள் போன 110 பேருக்கு இதயத்துடிப்பு அளக்கும் கருவியை மாட்டி அனுப்பினார்கள். 2020இல் முடிவு வெளியானது. பயம் குறைந்தால் சுவை இல்லை, அளவு மீறினாலும் சுவை இல்லை. நடுவில் ஓரிடத்தில் இன்பம் உச்சத்துக்குப் போகிறது. இதைக் கருவி இல்லாமலே அறிந்தவர்கள் நம் பக்கத்து மக்கள். மாசியில் மகாசிவராத்திரி முடிந்த கையோடு பாலாற்றுப் படுகையில் மயானக்கொள்ளை நடக்கும். காளி வேடங்கள் வரும், அங்காளம்மன் தேர் வரும். அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்காத பிள்ளை இராது. அது வழிபாடு, கேளிக்கையோடு சேர்த்துப் பேசக் கூடாதுதான். ஆனால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. அங்கே பயம் திறந்த மணலில், வானத்துக்குக் கீழே நடக்கிறது. ஓடுவதென்றால் நான்கு திசையும் வழி. பேய் வீட்டில் பயத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டி என்ன செய்யும் என்பதை 1984 மே 11 காட்டியது. நியூ ஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவின் ‘பேய்க் கோட்டை’. கோட்டை என்று பெயர். உண்மையில் லாரி டிரெய்லர்களை ஒன்றோடொன்று இணைத்து மேலே ஒப்பனை செய்தது. 1979இல் வந்தது. தற்காலிகக் கட்டுமானம் என்ற கணக்கில் ஐந்தாண்டு நின்றது. அதனால் தண்ணீர் தெளிப்பான் கிடையாது. அன்று மாலை ஒரு திருப்பத்தில் விளக்கு வேலை செய்யவில்லை. வழி தெரியாத ஒரு பையன் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்தான். அந்தத் திருப்பத்தில், இருட்டில் வருகிறவர்கள் மோதி அடிபடாமல் இருக்க, சுவரில் ஃபோம் ஒட்டியிருந்தார்கள். அடிபடாமல் காக்க வைத்த பொருளே முதலில் தீப்பிடித்தது. எட்டு இளம்பிள்ளைகள் வெளியே வரவில்லை. வழக்கு நடந்தது, பூங்கா நிறுவனத்தை நடுவர் குழு விடுவித்தது. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1979 ஜூன் 9 அன்று, சிட்னி லூனா பார்க்கில் பேய் ரயில் எரிந்து ஆறு சிறுவர்களும் ஒரு பெரியவரும் இறந்திருந்தார்கள். தீ எப்படிப் பிடித்தது என்ற சர்ச்சை அங்கே இன்னும் தீரவில்லை.

ஃபோம் எரிவதைப் பற்றி ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஷூவின் கழுத்துப் பட்டைக்குள் மெத்தென்று இருப்பது பாலியூரித்தேன் ஃபோம். அதை ஒட்டுவது சொல்யூஷன் என்கிற பசை. சாதாரண ஃபோமில் தீ பிடித்தால் அது மரம் போல நின்று எரியாது. உருகி, சொட்டி, சில நிமிடங்களில் அறையையே தீயாலும் புகையாலும் நிரப்பும். புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். அதனால்தான் ஒட்டும் பகுதியில் பீடி, தீப்பெட்டி கூடாது. கழிவுத் துண்டுகளைக் குவித்து வைக்கக் கூடாது. வேலை நடக்கும்போது வெளியேறும் கதவைப் பூட்டக் கூடாது. ஆறு நாள் இந்த விதிகளின் காவலில் ஃபோமோடு வேலை செய்யும் பெண், ஏழாவது நாள் காசு கொடுத்து அதே ஃபோமும் ரெக்சினும் தெர்மாகோலும் துணியும் சூழ்ந்த இருட்டுக்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே கதவு எங்கே என்று தெரியாமல் இருப்பதற்குத்தான் டிக்கெட்.

தீயணைப்புக்காரர் ஒரு கட்டடத்தில் எதையெல்லாம் கேட்பாரோ அதற்கெல்லாம் நேர் எதிரானது நல்ல பேய் வீடு. நேரான வழி கேட்பார், இங்கே வளைவுகள். வெளிச்சம் கேட்பார், இருட்டு. வெளியேறும் பலகை கண்ணில் பட வேண்டும் என்பார்; அது தெரிந்தால் பேய் ஓடிவிடும். அலறல் கேட்டால் ஆபத்து என்று அர்த்தம். இங்கே அலறல்தான் வியாபாரம். புகை வந்தால் ஓட வேண்டும். இங்கே புகையும் வித்தையின் பகுதி என்று நினைத்து நின்றுவிடுவோம். அந்தச் செயற்கைப் புகையால் இன்னொரு தொல்லையும் உண்டு. கிளைக்கால் கலந்த நீரைச் சூடாக்கி விடும் அந்தப் புகைமூட்டம், சாதாரணப் புகை உணர்விகளைப் பொய்யாக அலற வைக்கும். இரண்டு முறை அலறினால் நடத்துகிறவர் அதன் கம்பியைப் பிடுங்கத்தான் பார்ப்பார்.

பேய் வீட்டையே ஒழித்துவிடுவது ஒரு தீர்வு. அமெரிக்கர்கள் அதைச் செய்யவில்லை. நியூ ஜெர்சித் தீக்குப் பிறகு இறுகிய அந்நாட்டுத் தீ விதிகள் இருட்டையும் வளைவையும் அனுமதிக்கின்றன. ஆனால் ஒரு நிபந்தனையோடு. தெளிப்பான் வேண்டும், உணர்வி வேண்டும். அவை ஆபத்தைக் கண்ட மறுகணம் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும், ஊளையும் மின்னலும் தானாக நிற்க வேண்டும், அதுவரை மறைந்திருந்த வெளியேறும் குறிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதாவது மாயையைக் கட்டும்போதே அதை ஒரே நொடியில் கலைக்கும் வழியையும் சேர்த்துக் கட்டு என்பது விதி. இந்தத் தொழிலின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு கண்ணாடி ஆவி இல்லை, இதுதான் என்பேன். கொட்டகைக்காரரால் இத்தனை தானியங்கிக் கருவிகளையும் வைக்க முடியாது, சரி. ஆனால் உள்ளே இருபது எல்இடி பல்பும் அவற்றுக்குத் தனி பேட்டரியும், ஸ்பீக்கர் இணைப்பை வெட்டும் ஒரு ஸ்விட்சும் என்ன பெரிய செலவு?

நம் நாட்டிலும் விதிக்குப் பஞ்சமில்லை. மதராஸ் மாகாணத்தில் பொதுக் கேளிக்கை இடங்களுக்கான சட்டம் 1888லேயே வந்துவிட்டது. பந்தல், தற்காலிகக் கொட்டகைகளுக்கான தீத்தடுப்பு நெறிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 8758 என்ற எண்ணில் தந்திருக்கிறது: மின்கம்பிக்கு அடியில் போடாதே, செயற்கை இழைத் துணியும் கயிறும் வேண்டாம், சுற்றிலும் இடம் விடு. பொருட்காட்சியைச் சுற்றிவந்தால் இந்த மூன்றில் எத்தனை நடக்கிறது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் விளையாட்டு மையம் ஒன்று எரிந்து 27 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. பேய் வீடு இல்லை அது. ஆனால் சங்கதி பழையதுதான்: தகரக் கொட்டகை, உள்ளே வெல்டிங் பொறி, சேர்த்து வைத்த எரிபொருள், தீயணைப்புத் துறையின் சான்று இல்லாமை, 99 ரூபாய்ச் சலுகை நாளில் விடுமுறைக் கூட்டம். ‘தற்காலிகம்’ என்ற முத்திரை நியூ ஜெர்சியில் செய்த வேலையை ராஜ்கோட்டிலும் செய்தது.

பாதுகாப்பை யார் நிரூபிப்பது என்ற கேள்விக்கு வேலூரிலிருந்தே ஒரு பதில் உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில்தான் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதிகள் உறுதிப்படுத்தினார்கள். கெடுதல் நேர்ந்தது என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை; தன் தொழிலால் கெடுதல் இல்லை என்று தொழில் நடத்துகிறவர்தான் காட்ட வேண்டும். சுற்றுச்சூழலுக்குச் சொன்னது அது. ஆனாலும் இந்த மண்ணில் பிறந்த அந்த நியாயத்தைக் கோட்டை மைதானத்து டிக்கெட் கவுன்டரில் எடுத்துப் பேச யாருக்கும் தயக்கம் வேண்டியதில்லை.

கேட்க வேண்டியது நீளமாக ஒன்றும் இல்லை. "அண்ணா, உள்ள எல்லா லைட்டையும் ஒரேயடியா போட முடியுமா? ஸ்விட்ச் எங்க இருக்கு?" காசு வாங்குகிறவர் கையை நீட்டிக் காட்டினால் ஒரு கணக்கு. உள்ளே இருக்கிற ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால் இன்னொரு கணக்கு. சிரித்துக்கொண்டே "பயமா இருந்தா வராதீங்க" என்றால் அப்பளம் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடலாம். கொட்டகைக்குப் பின்புறம் ஒரு நடை போய்ப் பார்ப்பதும் நல்லது: வெளியேறும் திரைக்கு முன்னால் ஜெனரேட்டரோ, மடக்கு நாற்காலிக் குவியலோ, கயிறு கட்டிய கம்பியோ இருக்கிறதா என்று. இதயக் கோளாறு, வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் உள்ளே போக வேண்டாம். விட்டு விட்டு மின்னும் விளக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். செயற்கைப் புகை மூச்சைப் பிடிக்கும்.

அந்த முகமூடிக்காரரையும் மறக்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகியவர், வழி முழுக்க மனப்பாடமானவர், உள்ளே அவர் ஒருவர்தான். ஏதாவது நடந்தால் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பேய்க் குரலை விட்டுச் சொந்தக் குரலில் "இப்படி வாங்க, இப்படி வாங்க" என்று கத்த வேண்டியவர் அவர். அதை அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்பதையும் கவுன்டரிலேயே கேட்டுவிடலாம்.