வைரம் தாங்கும், பசை தாங்காது

பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். இசைத்தட்டின் கடைசிப் பாட்டுக்கு வரும்போது, பாடகர் ‘ச’, ‘ஸ’ என்று உச்சரிக்கும் இடங்களில் மட்டும் தாளிப்பில் கடுகு வெடிப்பது போல ஒரு சீறல். தட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. ஸ்பீக்கரைச் சந்தேகிப்பவர்கள், ஆம்ப்ளிஃபயரையே மாற்றிவிடுபவர்களும் உண்டு. பல நேரங்களில் குற்றவாளி ஊசிமுனையில் ஒட்டியிருக்கும் அழுக்குதான். அதை எடுக்கப்போய் ஊசியையே முறித்துக்கொள்கிறவர்கள்தான் பாவம்.

வைர வியாபாரிகள் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கிடைத்தால், ஊசியைப் பக்கவாட்டில் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய அலுமினியக் குழல் சாய்வாக இறங்கி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கேன்டிலீவர் என்பார்கள். அதன் நுனியில் சட்டென்று கண்ணில் படாத ஒரு துணுக்கு இருக்கிறதே, அதுதான் வைரம். அழுக்கு இரண்டு விதமாகத் தெரியும். வைரத்தைச் சுற்றித் தாடி போலத் தொங்கும் சாம்பல் நிறப் பஞ்சு ஒன்று: துணி நூல், தோல் செதில், தெருத் தூசி எல்லாம் சேர்ந்தது. வைரத்தின் பக்கங்களில் அடையாக இறுகிப்போன கறுப்புப் படிவு இன்னொன்று. பஞ்சு கூடினால் ஊசி பள்ளத்தைவிட்டே தூக்கப்பட்டு வழுக்கிக்கொண்டு போகும். அதை யாரும் கவனித்துவிடுவார்கள். அடை அப்படியில்லை. சத்தமில்லாமல் வளர்ந்து பாட்டைக் கெடுக்கும்.

எல்பி இசைத்தட்டைக் கொலம்பியா நிறுவனம் 1948-இல் கொண்டுவந்தது. அதன் பள்ளத்தின் மேலகலம் சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பள்ளத்தின் இரு சுவர்களும் ஒன்றுக்கொன்று செங்கோணமாகச் சாய்ந்திருக்கும். 1950-களின் இறுதியில் ஸ்டீரியோ வந்தபோது இடப்பக்க ஒலி ஒரு சுவரிலும் வலப்பக்க ஒலி மறு சுவரிலும் ஏறின. வழக்கமான கூம்பு வடிவ வைரத்தின் முனை சுமார் 18 மைக்ரான் ஆரத்தில் உருண்டிருக்கும். பள்ளத்தின் அடியை அது தொடுவதில்லை. இரு சுவர்களிலும் ஆளுக்கொரு புள்ளியில் சாய்ந்துகொண்டு ஓடுகிறது.

ஊசியின் மேல் நாம் வைக்கும் பாரம் 2 கிராம் அளவுதான். ஆனால் அது தொடும் இடம் ஒரு சுவருக்கு ஏறத்தாழ 50 சதுர மைக்ரான். கணக்குப் போட்டால் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 2,500 மடங்கைத் தாண்டுகிறது. இத்தனை அழுத்தத்தோடு, ஒரு பக்கம் பாடி முடிவதற்குள் ஊசி கடக்கும் தூரம் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர். வழியில் அகப்படும் தூசியும் விரல் பட்ட எண்ணெய்ப்பசையும் வைரத்தின் மேல் அமுங்கி இறுகாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு இசைத்தட்டு பிவிசியால் ஆனது. உறையிலிருந்து உருவும்போதே அதில் நிலைமின்சாரம் ஏறிவிடும். பிறகு அறையில் மிதக்கும் தூசியெல்லாம் தானாக வந்து உட்காரும்.

கடைசிப் பாட்டு மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறது? தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுவதில் மாற்றமில்லை. ஆனால் வெளி விளிம்பில் பள்ளம் வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஊசியைக் கடக்கிறது, உள்வட்டத்தில் 21 சென்டிமீட்டர்தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு வெளியே 51 மைக்ரான் நீளம் கிடைக்கிறது. உள்ளே வந்தால் அதே அலையை 21 மைக்ரானுக்குள் மடித்து வைத்தாக வேண்டும். ‘ஸ’வின் சீற்றம் இப்படிப்பட்ட உயர் அதிர்வுகளால் ஆனது. 18 மைக்ரான் ஆரமுள்ள முனைக்கு அந்த நெளிவுகளில் நுழைவதே திணறல். அதன் மேல் ஓர் அடை வேறு இருந்தால் நுழையாமலே தாவிப் போகிறது. அந்தத் தாவல்தான் காதில் விழும் சீறல்.

சரி, எடுத்துவிடலாம். எதற்காகப் பயப்பட வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். வைரத்துக்காக அல்ல. மோஸ் அளவுகோலில் 10 என்ற உச்சியில் இருக்கிற பொருள் அது. நம் பிரஷ் அதை ஒன்றும் செய்துவிடாது. ஆனால் அது குழலின் நுனியில் நிற்பது பெரும்பாலும் துளிப் பசையின் தயவில். குழலின் மறுமுனை ஒரு சிறு ரப்பரில் செருகியிருக்கும். பல வடிவமைப்புகளில் அது பின்னாலிருந்து ஒரு நுண்ணிய கம்பியால் இழுத்துக் கட்டப்பட்டும் இருக்கும். பசை, குழல், ரப்பர், கம்பி. இந்த நால்வரைக் காப்பாற்றுவதற்குத்தான் இத்தனை கட்டுப்பாடும்.

திசைதான் முதலில். தட்டு சுழலும்போது பள்ளம் ஊசியைப் பின்னாலிருந்து முன்னுக்கு இழுக்கிறது, அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் அச்சுப் பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக. அந்த இழுப்பைத் தாங்கும்படிதான் குழலையும் கம்பியையும் அமைத்திருக்கிறார்கள். ஆகவே பிரஷும் அதே வழியில், பின்னாலிருந்து முன்னுக்கு மட்டும் போக வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் குழல் மடங்கிவிடும். பக்கவாட்டில் தேய்த்தால் ரப்பரின் பிடி கெட்டு ஊசி கோணலாகும். இங்கும் அங்குமாகப் பல் துலக்குவது கூடவே கூடாது. தூசி தட்டும் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் பிரிந்து நிற்கும் ஒரே ஒரு நூலிழை குழலில் மாட்டினால் போதும், வைரத்தோடு வந்துவிடும்.

தொடங்குமுன் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். எம்எம் எனப்படும் வழக்கமான கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ பகுதி அதை நூறு மடங்கு பெருக்குகிறது. பிரஷ் முடி ஒன்று உரசினால் ஸ்பீக்கர் உறுமும், அதிர்ச்சியில் நம் கை துள்ளும். டோன் ஆர்மைத் தாங்கியில் பூட்டிவிட்டு, கார்பன் இழை அல்லது மென்மையான நைலான் முடி கொண்ட குட்டி பிரஷால் இரண்டு மூன்று முறை இழுத்தால் பஞ்சு போய்விடும். பிரஷின் கழுத்தில் இரும்புப் பட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருக்கிறது, சட்டென்று கவ்வி இழுக்கும்.

இறுகிய அடைக்குப் பிரஷ் மட்டும் போதாது. இதற்கென்று ஒட்டும் தன்மையுள்ள ஜெல் சிறு டப்பாக்களில் விற்கிறார்கள். டப்பாவைச் சுழலாத தட்டின் மேல் வைத்து, டோன் ஆர்மை இறக்கும் நெம்புகோலால் ஊசியை மெல்ல அதில் இறக்கி, நேராக மேலே தூக்க வேண்டும். அழுக்கு ஜெல்லில் ஒரு புள்ளியாகத் தங்கிவிடும். அடுத்த முறை வேறு இடத்தில் இறக்க வேண்டும். இன்னொரு வழி, சுவர்க்கறை அழிக்க விற்கும் வெள்ளை மெலமைன் நுரை. பஞ்சு போல மெத்தென்று இருந்தாலும் நுண்ணோக்கியில் அது விறைப்பான நுண்கம்பிகளின் வலை. அந்தக் கம்பிகள்தான் அடையைச் சுரண்டுகின்றன. கட்டை விரல் நகமளவு ஒரு துண்டு வெட்டி, அதில் இறக்கித் தூக்கினால் போதும். நுரைக்குள் ஊசி இருக்கும்போது எந்தப் பக்கமும் இழுக்கக் கூடாது. என் ஓட்டு ஜெல்லுக்கு. நுரை, ஜெல்லுக்கும் மசியாத அடைக்கு எப்போதாவது. டோன் ஆர்மை நகர்த்தியதும் தானாகச் சுழலத் தொடங்கும் ரகமாக உங்கள் பிளேயர் இருந்தால், மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இந்த வேலையில் இறங்குங்கள்.

திரவங்களில்தான் கருத்து வேறுபாடு அதிகம். சில தயாரிப்பாளர்கள் ஊசிக்கென்றே திரவம் விற்கிறார்கள், சிலர் ஆல்கஹால் கிட்டவே வரக்கூடாது என்கிறார்கள். அவரவர் பயன்படுத்தும் பசை வேறு என்பதால் அந்தந்தக் கையேடு சொல்வதே வேதம். கையேடு அனுமதித்தாலும் பிரஷின் நுனியில் ஈரம் இருந்தால் போதும், சொட்டக் கூடாது. ஏனென்றால் ஈரம் நுண்புழை ஏற்றத்தால் குழலைப் பற்றிக்கொண்டு மேலேறி ரப்பர் வரை போகும். கைகழுவும் சானிடைசர் வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், காய்ந்த பின் புதுப் பிசுக்காகத் தங்கும். நகப்பூச்சு நீக்கி பசையையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே கரைத்துவிடக்கூடும்.

பரணிலிருந்து தாத்தா காலத்து 78 சுழற்சித் தட்டுகளை இறக்கியிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவை அரக்கால் ஆனவை. இந்தியாவில் 1960-களின் நடுவில் பீட்டில்ஸ் பாடல்கள்கூட 78 தட்டாக வந்தன என்பதால், நினைப்பதைவிட இவை அதிகம் புழங்கியிருக்கின்றன. அந்தக் கால எஃகு ஊசியைச் சுத்தம் செய்வது என்ற பேச்சே இல்லை. தட்டில் கலந்திருந்த கனிமத் தூள் ஊசியைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்றபடி வடிவமைத்துக்கொள்ளும், பக்கத்துக்கு ஓர் ஊசியை மாற்றிப் போடுவார்கள். இன்றைய பிளேயரில் அவற்றைப் போட 75 மைக்ரான் ஆரம் வரையுள்ள தனி ஊசி வேண்டும். எல்பி ஊசி அந்த அகன்ற பள்ளத்தின் அடிவரை இறங்கி, பல தலைமுறைத் தூசியை வாரிக்கொண்டு வரும். அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஆகையால் ஊசித் திரவம் பூசிய கையோடு ஈரம் காயாமல் 78 தட்டில் இறக்காதீர்கள். தட்டையே ஆல்கஹாலால் துடைத்தால் பாட்டு துணியோடு வந்துவிடும்.

பிரஷை ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்பும், ஜெல்லை வாரம் ஒருமுறையும் பயன்படுத்தியும் சீறல் அடங்கவில்லை என்றால், வைரமே தேய்ந்திருக்கலாம். பிவிசி மென்மைதான், ஆனால் பள்ளத்துத் தூசி அப்படியல்ல. பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரத்தில் முனையின் இரு பக்கங்களும் தட்டையாகி, ஓரங்கள் கூர்மையாகி, பள்ளத்தைச் செதுக்கத் தொடங்கிவிடும். எம்எம் வகையில் பெரும்பாலும் ஊசிப் பகுதியை மட்டும் முன்பக்கமாக உருவி எடுத்துப் புதிது செருகலாம். எம்சி எனப்படும் இன்னொரு வகையில் பெரும்பாலும் முழு கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டிவரும். பழையதைக் குப்பையில் போட வேண்டாம், சில தயாரிப்பாளர்கள் அதை வாங்கிக்கொண்டு புதியதன் விலையில் கழித்துத் தருகிறார்கள்.