ஒரு வருட விசா, ஒரு வீட்டுக் கணக்கு

வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்ற ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் இந்திய இளைஞர்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கின்றன. உள்ளே நுழையக் குலுக்கல் உதவும். நுழைந்த பிறகு காப்பாற்றப் போவது கடனில்லாத கைக்காசுதான்.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003இல் தடை செய்யப்பட்டது. ஆனால் 2024 அக்டோபரில் இந்தியா முழுவதும் இளைஞர்கள் பணம் கட்டிப் பெயர் கொடுத்த குலுக்கல் ஒன்று உண்டு. நடத்தியது ஆஸ்திரேலிய அரசு. சீட்டின் விலை 25 ஆஸ்திரேலிய டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 1,400 ரூபாய். பரிசு, அந்த நாட்டில் 12 மாத வாசம். ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம். மொத்தப் பரிசுகள் 1,000. பதிவு தொடங்கிய இரண்டே வாரத்தில் சுமார் 40,000 இந்தியர்கள் பெயர் கொடுத்துவிட்டதாகக் குடியேற்றத் துறைத் துணை அமைச்சர் மாட் திஸில்த்வெயிட் அறிவித்தார். அதாவது, அப்போதே 40 பேருக்கு ஓர் இடம். பதிவு முடிய இன்னும் இரண்டு வாரம் பாக்கியிருந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு இது புதிதல்ல. பிரிட்டன், கனடா, அயர்லாந்து இளைஞர்களுக்காக இப்படி ஒரு விசாவை அந்த நாடு 1975லேயே தொடங்கிவிட்டது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு வந்து, சில மாதம் ஓட்டலில் தட்டு கழுவி, அந்தக் காசில் கடற்கரைகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் ஐரோப்பிய இளைஞர்கள் அங்கே சகஜம். இந்தியர்களுக்கு இந்த வாய்ப்பு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 2022 ஏப்ரல் 2இல் கையெழுத்தாகி அந்த வருடம் டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தில், வருடத்துக்கு 1,000 இடங்கள் என்று இது சேர்க்கப்பட்டது.

நம் வீடுகளில் இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். வெளிநாடு என்றால் படிக்கப் போக வேண்டும், அல்லது சம்பாதிக்கப் போக வேண்டும். முடிந்தால் அங்கேயே தங்கிவிட வேண்டும். இந்த மூன்றிலும் சேராத ஒரு பயணத்தை மதுரையிலோ மாதுங்காவிலோ இருக்கும் ஒரு தகப்பனாரிடம் எப்படிச் சொல்வது? “எஞ்சினீயரிங் முடித்துவிட்டுத் தக்காளி பறிக்கப் போகிறாயா?” என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். பதிலோடு போவது நல்லது.

முதலாளி கையில் இல்லாத விசா

பதிலின் முதல் பாதி, இந்த விசாவின் தன்மை. வளைகுடா நாடுகளுக்குப் போகும் நம்மவர்களின் விசா பெரும்பாலும் ஒரு முதலாளியோடு பிணைக்கப்பட்டது. அவர் சரியில்லை என்றால் வேலை மட்டுமல்ல, அந்த நாட்டில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணும். ஆஸ்திரேலியாவின் 462ஆம் பிரிவு விசாவில் அந்தக் கட்டு கிடையாது. இன்று ஒரு காப்பிக் கடை, அடுத்த மாதம் ஒரு தோட்டம், அதற்கடுத்து ஒரு விடுதி என்று மாறலாம். உண்மையில் மாறித்தான் ஆக வேண்டும். அனுமதி வாங்காமல் பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது நிபந்தனை. நான்கு மாதம் வரை படிக்கவும் செய்யலாம்.

இதே நிபந்தனைக்கு மறுபக்கமும் உண்டு. ஆறு மாதத்தில் போய்விடப் போகிறவரை எந்தப் பெரிய கம்பெனியும் படிப்புக்கேற்ற நாற்காலியில் உட்கார வைப்பது அரிது. கிடைப்பது சமையலறை, பழத்தோட்டம், விடுதி அறை சுத்தம் செய்வது, பார் கவுன்ட்டர் போன்ற இடங்கள்தான். இதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் 25 டாலரை மிச்சம் பிடிக்கலாம்.

தகுதிகள் கடினமல்ல. விண்ணப்பிக்கும்போது வயது 18 முதல் 30க்குள். பள்ளிக்குப் பின் குறைந்தது இரண்டு வருடப் படிப்பு. அன்றாடப் புழக்கத்துக்குப் போதுமான ஆங்கிலம், அதற்குச் சான்று. செலவுக்கு 5,000 டாலரும், அதற்கு மேல் திரும்பும் டிக்கெட்டுக்கான பணமும். குழந்தைகளை அழைத்துப் போக முடியாது. குலுக்கலில் பெயர் வந்தால் 28 நாட்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2024-25இல் அதன் கட்டணம் 650 டாலர். எனவே சான்றிதழ்களைப் பெயர் வந்த பிறகு தேடக் கூடாது. பதிவு செய்யும்போதே கையில் இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டும் பான் கார்டும் இருந்தால் பதிவை அரசின் இணையதளத்தில் அவரவரே செய்துகொள்ளலாம். தேர்ந்தெடுப்பது கம்ப்யூட்டர். ஒரு லட்சம் கொடுத்தால் பெயர் வரவழைக்கிறேன் என்று யாராவது சொன்னால், அவர் விற்பது தன்னிடம் இல்லாத சரக்கு.

26 வாரக் கணக்கு

பதிலின் இரண்டாவது பாதி பணம். ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலை 1 முதல் மணிக்கு 24.95 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. தற்காலிக ஊழியருக்கு விடுமுறைச் சலுகைகள் இல்லாததால் பொதுவாக 25 சதவீதம் கூடுதல். அதாவது 31.19 டாலர். வாரம் 38 மணி நேரம் வேலை கிடைத்தால் சுமார் 1,185 டாலர். உள்ளூர்க்காரர்களுக்கு உள்ள வரியில்லா வரம்பு இந்த விசாக்காரர்களுக்குக் கிடையாது. முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி. 45,000 டாலரைத் தாண்டினால் இன்னும் அதிகம். ஆகக் கைக்கு வருவது வாரம் 1,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம்.

உடனே 56 ரூபாயால் பெருக்கி, மாதம் இரண்டே கால் லட்சம் என்று வீட்டில் ஒருவர் காகிதத்தில் எழுதிவிடுவார். அங்கேதான் கணக்கு தப்புகிறது. நகரத்து ஹாஸ்டலில் பல பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு இரவுக்கு 50 டாலர் என்று திட்டமிடுவது பத்திரம். சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக இருந்தாலும் வாரம் 500 டாலர் ஆகும். வருடம் முழுவதும் வேலையும் இருக்காது. மழையில் அறுவடை நிற்கும், ஊர் மாறும்போது நாட்கள் போகும், சுற்றிப் பார்க்கவும் நாள் வேண்டும். 26 வாரம் வேலை கிடைத்தால் வரவு 26,000 டாலர். 52 வாரச் செலவும் 26,000 டாலர். வரவும் செலவும் நேராகிவிட்டன. இந்த விசாவின் நோக்கமே அதுதான். பாதி வருட உழைப்பு, மீதிப் பாதி வருட ஊர்சுற்றலுக்குச் செலவு தருகிறது. டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் ஆகியவை கைக்காசு. அதற்குப் பதில் கிடைப்பது அனுபவம். சேமிப்புக்காகப் போகிறவர்களுக்கு இது சரியான வழியல்ல.

முதலாளி தன் பங்காக ஓய்வூதிய நிதியில் போடும் தொகையையும் பெரிதாக நம்ப வேண்டாம். நாட்டை விட்டுக் கிளம்பிய பின் அதைக் கேட்டு வாங்கலாம், ஆனால் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். 100 டாலருக்கு 35 டாலர்தான் மிஞ்சும்.

விசாவுக்குக் காட்ட வேண்டிய 5,000 டாலர், அதாவது சுமார் 2.8 லட்சம் ரூபாய், எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்தப் பயணத்தின் தலையெழுத்து இருக்கிறது. அது சொந்தச் சேமிப்பானால், வேலை இல்லாமல் பத்து வாரம் தாக்குப்பிடிக்கும் தைரியம். விசா வந்ததும் திருப்பித் தர வேண்டிய கைமாற்றானால், விமானத்திலிருந்து இறங்கும்போது பை காலி. வட்டிக்கு வாங்கியதானால் நிலைமை இன்னும் மோசம். தவணைத் தேதிக்கு மழையும் தெரியாது, அறுவடையும் தெரியாது. கூலியைக் குறைக்கும் முதலாளியை விட்டு மறுநாளே கிளம்பலாம் என்பதுதான் இந்த விசாவின் பெரிய பலம். கடன்காரரால் அப்படிக் கிளம்ப முடியாது. விசாவில் இல்லாத கட்டை அவரே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்.

எந்த மாதம், எந்த ஊர்?

அங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழ். டிசம்பர், ஜனவரியில் கோடை. டாஸ்மேனியாவில் செர்ரி பறிப்பது அப்போதுதான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை விக்டோரியாவின் மில்டுராவில் திராட்சை. நடு வருடத்தில் குவீன்ஸ்லாந்தின் போவன் பக்கம் தக்காளி, குடை மிளகாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை நியூ சவுத் வேல்ஸ் மலைகளில் பனிச்சறுக்கு விடுதிகள். மே முதல் அக்டோபர் வரை மழையில்லாத டார்வினில் சுற்றுலாக் கூட்டம். அதை ஒட்டி அங்கே மாம்பழம். பருவத்தைப் பார்த்து டிக்கெட் எடுப்பவர் முதல் மாதமே சம்பளம் பார்க்கலாம். மலிவு டிக்கெட்டை மட்டும் பார்ப்பவர், வேலை முடிந்து எல்லோரும் கிளம்பும் ஊரில் போய் இறங்கக் கூடும்.

இறங்கிய முதல் வாரத்தில் வரி எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது இலவசம். பாரில் மது பரிமாறவும், கட்டட வேலைக்கும் தனித்தனிச் சான்று தேவை. மருத்துவ இன்சூரன்ஸை மட்டும் இந்தியாவிலிருந்தே எடுத்துப் போக வேண்டும். பிரிட்டன்காரர்களுக்கு உள்ளது போன்ற பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இந்தியாவுடன் அந்த நாட்டுக்கு இல்லை.

இரண்டாவது வருட ஆசை

ஒரு வருடம் முடியும்போது பலருக்கு இன்னொரு வருடம் இருக்கத் தோன்றும். வழி உண்டு. குறிப்பிட்ட பகுதிகளில் விவசாயம், சுற்றுலா போன்ற குறிப்பிட்ட வேலைகளை மூன்று மாதம் செய்தவர்கள் இரண்டாவது விசாவுக்கும், இரண்டாவது விசாவில் ஆறு மாதம் செய்தவர்கள் மூன்றாவதற்கும் விண்ணப்பிக்கலாம். ஊரின் அஞ்சல் குறியீடும் வேலையின் வகையும் பட்டியலில் இருக்கின்றனவா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவனம் அதிகம் தேவைப்படுவதும் இங்கேதான். மூன்று மாதத்துக்கு அத்தாட்சி தரப் போவது முதலாளி என்பதால், அவரை விட்டு விலகும் சுதந்திரம் குறைகிறது. 417 என்ற இதே மாதிரியான விசாவில் வந்தவர்களைப் பற்றி அங்குள்ள நியாய வேலை முறைகேள் அதிகாரி அலுவலகம் 2016இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையில், பதிலளித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கியதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பின் சட்டம் இறுகியது. கூடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும், மணிக்கணக்கில் ஒரு குறைந்தபட்சத் தொகை கிடைத்தாக வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 முதல் தோட்ட வேலைக்கு விதி.

விதி இருந்தாலும் ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டை வாராவாரம் வாங்கி வைக்க வேண்டும். வேலை செய்த மணி நேரத்தைத் தனி நோட்டில் எழுத வேண்டும். வேலை கொடுப்பதற்கு முன்பணம் கேட்பவரிடம் நிற்க வேண்டாம். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். கூலிச் சட்டம் விசாவைப் பார்ப்பதில்லை. அந்நிய நாட்டவரும் முறைகேள் அலுவலகத்தில் புகார் செய்யலாம். அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழும் உண்டு.

பிரிட்டன் வழி

பட்டம் பெற்றவர்களுக்கு இன்னொரு கதவு பிரிட்டன். அங்கே காமன்வெல்த் இளைஞர்களுக்கு இருந்த பழைய வேலை-விடுமுறைத் திட்டத்தில் இந்தியர்களும் போய்வந்தார்கள். அது 2008இல் மூடப்பட்டது. இந்தியர்களுக்கென்றே 2023இல் வந்தது இளம் தொழில்முறையாளர் திட்டம். வருடத்துக்கு 3,000 இடம், வயது 18 முதல் 30, இரண்டு வருடம். இங்கும் குலுக்கல்தான், ஆனால் சீட்டு இலவசம். பெயர் வந்தவர் 2,530 பவுண்டு சேமிப்பைக் காட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்த நிலவரப்படி விசாக் கட்டணம் 319 பவுண்டு, இரண்டு வருடச் சுகாதாரக் கட்டணம் 1,552 பவுண்டு. இரண்டும் சேர்ந்தே 2 லட்சம் ரூபாயைத் தாண்டின. நீட்டிப்பு கிடையாது. ஆனால் படித்த துறையிலேயே வேலை தேட இரண்டு வருட அவகாசம் இருப்பது, திரும்பி வந்த பின் வேலை தேடும்போது கைகொடுக்கும். ஊர் சுற்றல் முதன்மை என்றால் ஆஸ்திரேலியா, தொழில் முதன்மை என்றால் பிரிட்டன் என்று பிரித்துக்கொள்ளலாம்.

எந்த நாடானாலும், குலுக்கலில் பெயர் கொடுக்கும் முன் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து பேசுவது நல்லது. இது குடியேற்ற விசா அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாதாமாதம் பணம் வரும் என்ற எதிர்பார்ப்பு யாருக்கும் இருக்கக் கூடாது. திரும்பி வந்து எதில் சேரப்போகிறேன் என்பதற்கும் ஒரு வரி பதில் வேண்டும். தகப்பனாருக்கு அது போதாமல் போகலாம். அப்போது செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தைக் கையோடு எடுத்துப் போகாமல் அம்மாவின் கணக்கில் போட்டுவிட்டுக் கிளம்புவது. எந்த ஊரில், எந்த முதலாளியிடம் மாட்டிக்கொண்டாலும் மறுநாள் விமானம் ஏற வழி இருக்கிறது என்று தெரிந்தால், போகிறவரும் நிம்மதியாகத் தூங்கலாம், வழியனுப்புகிறவர்களும் தூங்கலாம்.